தேய்ந்த கட்டைவிரல்

மலேசியாவின் மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் வாசலில் புஷ்பவள்ளி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போட்டாள் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவளோ ஒரு நாளும் தவறியதில்லை.

“தினம் வந்தேன் தங்கச்சி. கட்டவிரல வச்சேன். மெஷினும் ‘தெரிமா காசே’னு நன்றி சொல்லுச்சு லா. நீதானே அதுக்கு ப்ரோக்ராம் எழுதுன? பாரேன்.”

லோஷினி உள்ளே போய்த் தன் ப்ரோக்ராமைத் திறந்து பார்த்தாள். வாசலில் வரிசை நகரவில்லை என்று மனிதவள அதிகாரி மகேஸ்வரன் அரித்தெடுத்ததால், வருகைப்பதிவு மெஷினில் ரேகை பார்க்கும் வேலையைப் பின்னணியில் தனியாக ஓடும் ‘திரெட்’ என்ற துணைச் செயலிடம் தள்ளியிருந்தாள். பதிலுக்குக் காத்திராமல் மெஷின் நன்றி சொல்லிக் கேட்டைத் திறந்துவிடும். ரேகை பொருந்தாவிட்டால் திரெட் ‘எக்செப்ஷன்’ என்ற பிழைச் செய்தியை வீசும். அது முடிவோடு சேர்ந்து உள்ளேயே கிடக்கும். முடிவைக் கேட்டால்தான் வெளியே வரும். அப்படிக் கேட்கும் ஒரு வரியை அவள் எழுதவே இல்லை. அதனால் புஷ்பவள்ளியின் வருகை பதிவாகாமல் போனது யாருக்கும் தெரியவில்லை.

மகேஸ்வரனிடம் ஓடினாள்.

“தப்பு என்னோடது சார். நாற்காலிய உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு அந்த அக்கா விரல்ல ரேகையே இல்ல. எர்ரர் வந்திருக்கு, நான்தான் கேக்கல.”

“அந்தம்மா வந்தது எங்கயாவது பதிஞ்சிருக்கா?”

“இல்ல சார். ஆனா அவங்க தேய்ச்ச நாற்காலி ஸ்டோர்ல இருக்கே!”

“நாற்காலியில பேரு எழுதியிருக்கா?” அவர் தலை நிமிரவில்லை. “மெஷின சரி பண்ணு. ஆளு தெரியலன்னா கேட் தொறக்கக் கூடாது.”

“எர்ரர் வந்தா விரலுக்குப் பதிலா அவங்கவங்க வேலை நம்பர அடிக்க விடலாம் சார்.”

“ஒருத்தருக்கு இன்னொருத்தர் அடிப்பாங்க, வேணாம். நாளைக்கு அந்தம்மாவ வந்து விரல வைக்கச் சொல்லு. மெஷின் ஏத்துக்கிட்டா வேலை.”

லோஷினிக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் உட்கார்ந்து எழுதினாள். அவளுக்கும் அந்த வேலைதான் சோறு.

மறுநாள் புஷ்பவள்ளி கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தாள். இந்த முறை மெஷின் காத்திருந்து பதிலைக் கேட்டது. எழுதியபடியே எல்லாம் ஒழுங்காக நடந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

“சூபா லாகி,” என்று மறுபடி முயலச் சொன்னது மெஷின்.

அவள் விரலை ஊதிவிட்டு மறுபடி வைத்தாள்.

“சூபா லாகி.”

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற தேய்ப்புப் பிரிவுப் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.