இறங்கும்போது எட்டு கிலோ

பெங்களூர் காக்ஸ் டவுனில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் சிவப்பு ஓடு போட்ட பங்களா ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கத்துச் சுருள் இரும்புப் படியில் ஏறுகிறவர்கள், இறங்கும்போது எட்டு கிலோ கூடியிருப்பார்கள். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கத் தொடங்கி மூன்றாவது படியில் கனம் உச்சந்தலையில் வந்து உட்காரும், கை தானாக மேலே போய் அதைப் பிடித்துக்கொள்ளும், கழுத்து உள்வாங்கும். ஒன்பது நாள் கழித்து வந்தமாதிரியே போய்விடும். முதலில் அகப்பட்டவள், கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ள வந்த வித்யாலட்சுமி என்ற பெண். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அவள் இறங்கியதைப் பார்த்து, போஸ் பிரமாதம் என்று போட்டோக்காரர் நாற்பது படம் எடுத்தார். ரிசப்ஷன் மேடையிலும் அவள் அதே போஸில்தான் நின்றாள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பங்களாவின் சொந்தக்காரர் உத்தமன், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியை நடத்தி நல்ல விலைக்கு விற்றவர். கீழே காபிக் கடையும் மாடியில் தன் குடித்தனமுமாக இருந்தார். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாத மனிதர். தோட்டக்காரர் சின்னப்பாவை எடை மெஷினோடு படிக்குக் கீழே உட்காரவைத்து, பதினொரு பேரை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அறுபத்தொன்று அறுபத்தொன்பது ஆயிற்று, தொண்ணூறு தொண்ணூற்றெட்டு ஆயிற்று. வாஸ்துக்காரர் சொன்னபடி துளசி மாடம் வைத்தார். பாதிரியார் ஜெபம் பண்ணித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். எட்டு எட்டாகவே இருந்தது. இதெல்லாம்கூடப் போகட்டும். படிக்குப் பக்கத்தில் அவர் நட்டுவைத்த பலகைதான் வயிற்றெரிச்சல். ‘நிலாப் படி’ என்று பெயர் சூட்டி, அந்தக் காலத்தில் துரைசானி நிலா வெளிச்சத்தில் இந்த வழியாகத்தான் ரோஜாத் தோட்டத்துக்கு இறங்கி வருவாள் என்று எழுதியிருந்தார். நிலாவாம், ரோஜாவாம். அந்தப் படி போய் முடிவது மாடி பாத்ரூமின் வெளிக்கதவில். எந்தத் துரைசானி பாத்ரூம் வழியாகத் தோட்டத்துக்குப் போவாள் என்று கேட்க அந்த ஊரில் ஒரு ஆள் இல்லை.

சாந்தகுமாரி அங்கே போனது அவள் மகன் அருண்குமாரால். தமிழ் டீச்சராக வேலைபார்த்து ஓய்வுபெற்று, வைட்ஃபீல்டில் மகன் வீட்டில் இருந்தாள். அறுபத்தெட்டாவது பிறந்தநாளுக்கு அவன், பழைய கன்டோன்மென்ட்டைச் சுற்றிக் காட்டும் சனிக்கிழமை நடைக்கு அம்மாவுக்கும் தன் மனைவி தாரணிக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். நீங்க வளர்ந்த ஏரியாதானே, ஜாலியாப் பாத்துட்டு வாங்க என்றான். தொப்பி போட்ட பன்னிரண்டு பேரோடு சாந்தகுமாரியும் நடந்தாள். சர்ச்சைத் தாண்டினாள், மார்க்கெட்டைத் தாண்டினாள். பங்களாவின் பின்பக்கம் வந்ததும் கால் நின்றுவிட்டது. ஏழு வயதில் அவள் நின்ற இடம் அது. அவள் அம்மா செண்பகம், கோலார் தங்கவயலில் சுரங்கத் தூசியால் நெஞ்சு கெட்டுப் புருஷன் செத்தபிறகு குழந்தையோடு பெங்களூருக்கு வந்தவள். பதினாலு வருஷம் தினமும் காலையில் இந்தப் படியேறி, மேலே வெளிக்கதவு வழியாகக் கக்கூசுக்குள் போய், பீயை வழித்துக் கூடையில் போட்டு, தலையில் வைத்து இறங்குவாள். உள்கதவு எப்போதும் அந்தப் பக்கம் தாழ் போட்டிருக்கும். அம்மா இறங்கி வந்ததும் அவள் கைக்குத் தண்ணீர் ஊற்றுவது சாந்தகுமாரியின் வேலை. வீட்டு முன்பக்கம் எப்படிம்மா இருக்கும் என்று ஒருநாள் கேட்டதற்கு செண்பகம், “யாரு பாத்தா பாப்பா” என்றாள்.

வழிகாட்டிப் பெண் நிக்கோல் நிலாக் கதையைத் தொடங்கியபோது சாந்தகுமாரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “நிலாவா? எந்த நிலா? எங்கம்மா பீ சொமந்த படிம்மா இது!” என்று கத்தினாள். கடைசிப் பெஞ்சு வரை கேட்டுப் பழகிய குரல், காபிக் கடையில் கப்புகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. ஆன்ட்டி, எனக்கு எழுதிக் குடுத்தது இதுதான் என்று நிக்கோல் தடுமாறினாள். உத்தமன் ஓடி வந்து, “மேடம், ஃபேமிலியெல்லாம் காபி சாப்பிடுற எடம். நீங்க சொல்றதும் கரெக்ட். ‘சர்வீஸ் படி’ன்னு மாத்திடறேன், சரியா?” என்றார். “என்னங்க சர்வீஸு? பஸ் சர்வீஸா?” என்றாள் அவள்.

தாரணி பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்கும் அவள் பிறந்த வீட்டுக்கும் சொல்லப்பட்டிருந்தது, அருண்குமாரின் பாட்டி ஒரு பங்களாவில் ஆயா என்று. அந்தப் பொய்யைப் பள்ளிக்கூடத்தில் முதலில் சொன்னவள் சாந்தகுமாரிதான், மகன் அதைக் கல்யாணம் வரைக்கும் கொண்டுபோனான். அன்று சாயங்காலம் அவன் முகம் சிவந்து, “இத்தன வருஷம் மூடி வச்சத நடுத்தெருவுல கொட்டிட்டு வந்திருக்கீங்களேம்மா. அவங்க வீட்டு மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?” என்றான். “மூடி வச்சதுதான்டா தப்பு. அத நானும் சேந்துதான் செஞ்சேன்” என்றாள் அவள். அதோடு அவன் பேச்சை நிறுத்திவிட்டான். ஒரே வீட்டில் மாதக்கணக்கில் தாரணி நடுவில் நின்று, அவங்க சாப்பிட்டாங்களாம், அவருக்கு லேட்டாகுமாம் என்று சேதி சொன்னாள். அத்தை, உங்கம்மா பேரு என்ன என்று ஒருநாள் அவளாகவே கேட்டாள்.

உத்தமன் பலகையில் ‘சர்வீஸ் படி’ என்று மாற்றினார். எடை மாறவில்லை. ‘பணியாளர் படி’ என்று மாற்றினார். கனத்தோடு லேசாக நாற்றமும் சேர்ந்துகொண்டது. நிக்கோல் இனி நிலாக் கதை சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சாந்தகுமாரி ஒவ்வொரு சனிக்கிழமையும் மெட்ரோவும் ஆட்டோவுமாக வந்து, படிக்குக் கீழே நின்று வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். பதினாறாவது சனிக்கிழமை சின்னப்பாவின் மெஷினில் எடை பார்த்துவிட்டு, சேலையைச் சொருகிக்கொண்டு படியேறினாள். முட்டி வலிக்க வலிக்க இருபத்தோரு படியும் ஏறி, வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இப்போது அது இத்தாலிய டைல்ஸ் பதித்த குளியலறை. உள்கதவு அந்தப் பக்கம் தாழ் போட்டிருந்தது. இறங்கி வாங்கம்மா என்று கீழேயிருந்து சின்னப்பா எடை மெஷினோடு கூப்பிட்டார். “எறங்க மாட்டேன். எங்கம்மா எறங்கினதே போதும். உள்கதவத் தெறக்கச் சொல்லுப்பா” என்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் உத்தமனின் படுக்கையறை. அது பர்சனல் ஸ்பேஸ் மேடம் என்றார் அவர். “எங்கம்மா இந்த வீட்டுக்காரங்க பீய அள்ளினா. அதவிடப் பர்சனலா என்னய்யா இருக்கு உங்கிட்ட?” என்று கேட்டுவிட்டு அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

காலை பத்து மணியிலிருந்து பகல் ஒன்றரை வரை உட்கார்ந்திருந்தாள். உத்தமன் இரண்டு தடவை போலீசுக்குப் போன் எடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்தார். கடைசியில் தாழ்ப்பாளை நீக்கினார். சாந்தகுமாரி அவருடைய கலைந்த கட்டிலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, தேக்குப் படியில் நிதானமாக இறங்கி, முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். சின்னப்பா மெஷினைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடி வந்து அவளை எடை போட்டுப் பார்த்தார். ஏறும்போது இருந்த ஐம்பத்தெட்டு ஐம்பத்தெட்டாகவே இருந்தது. அவள் வீட்டுக்கு முகத்தைத் திருப்பி, முன்பக்கத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். “பாரும்மா” என்றாள். பிறகு டீச்சர் கையெழுத்தில், பலகையில் என்ன இருக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். செண்பகம் என்பவர் பதினாலு வருஷம் இந்த வீட்டு மலத்தைத் தலையில் சுமந்து இந்தப் படியில் இறங்கினார் என்று இப்போது அங்கே இருக்கிறது.

அதற்கப்புறம் பின்படியில் ஏறி முன்வாசலில் இறங்குவது வழக்கமாகிவிட்டது. உத்தமன் படுக்கையைக் காலையிலேயே மடித்துவைத்துவிடுகிறார். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அருண்குமார் யாரிடமும் சொல்லாமல் வந்தான். பலகையை இரண்டு தடவை படித்தான். மேலே ஏறினான். உள்கதவு திறந்தேதான் இருந்தது. அவன் திரும்பி, அதே இரும்புப் படியில் இறங்கினான். பேட சார், பேட, வேண்டாம் என்று சின்னப்பா கன்னடத்திலும் தமிழிலுமாகக் கத்தியதைக் கேட்காதவன்போல இருபத்தோரு படியும் இறங்கி முடித்தான்.

ஒன்பது நாளும் வலது கையைத் தலைமேல் வைத்தபடியே மெட்ரோவில் நின்றான், மீட்டிங்கில் உட்கார்ந்தான், லிப்ட்டில் போனான். என்ன ப்ரோ, தலைவலியா என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் விஷயத்தை மறைக்காமல் சொன்னான். முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்த சாந்தகுமாரி அவன் கை இருக்கும் இடத்தைப் பார்த்தாள். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “கைய நீட்டுடா” என்றாள்.