முக்கால் கிலோ இலை

முத்துவடிவுக்கு வலது கை ஆள்காட்டி விரல் மடங்கவில்லை. பதினோரு வயதில் பீடி சுற்ற உட்கார்ந்த விரல். இருபத்துமூன்றில் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தது. பன்னிரண்டு வருஷம் இலை சுருட்டியபோது வராத வலி, மூன்று வருஷம் தட்டியதில் வந்துவிட்டது. காலையில் இடது கையால் அந்த விரலைப் பிடித்து மடக்கி நிமிர்த்தி, ஒரு சொடக்கு விழுந்த பிறகுதான் காப்பித் தம்ளரைப் பிடிக்க முடியும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் விரலைச் சொடக்கிக்கொண்டிருந்தபோது ஆபீஸ் மாடிப்படியில் இருமல் கேட்டது. ஆய்க்குடி பிச்சம்மாள். பதினாறு படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தாள். நாற்பத்திரண்டு வயது, அறுபது என்றாலும் நம்பலாம். சேலைத் தலைப்பின் ஒரு மூலையை மட்டும் சுருட்டிக் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். அதில் என்ன கறை என்று முத்துவடிவு கேட்கவில்லை. பீடித் தெருவில் பிறந்தவளுக்குக் கேட்டுத் தெரிய வேண்டியதில்லை.

"ஏட்டி முத்துவடிவு, இந்தத் தடவையாவது எம் பேரு வருமா?"

"வரும்க்கா."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. அதுக்கு முந்தின மாசமும் இதத்தான் சொன்ன."

முத்துவடிவு விரலை மறுபடி சொடக்கினாள். சொன்னது உண்மை.

அது பீடித் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம். தென்காசி வட்டாரத்தில் பதினாலு பீடிக்கடை, இரண்டாயிரத்து நூறு பெண்கள். நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் சங்கத்துக்கென்று ஆறு கட்டில் ஒதுக்கியிருந்தார்கள். ஐந்து வருஷம் சுற்றியவளுக்குத்தான் கட்டில். மாதம் ஒருமுறை, இரண்டாவது திங்கட்கிழமை இரண்டு மணி பஸ்ஸில் நோயாளிகளின் பட்டியல் அங்கே போக வேண்டும். அதுவும் கம்ப்யூட்டரில் அடித்த பட்டியலாக இருக்க வேண்டும். பழைய பேரேடுகளை ஒன்றரை வருஷம் உட்கார்ந்து ஒரு எழுத்து விடாமல் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் முத்துவடிவுதான். ஏற்றி முடித்ததும் தணிக்கைக்கென்று பேரேடுகளைத் திருநெல்வேலிக்கு வண்டி ஏற்றினார்கள். திரும்பி வரவில்லை.

இப்போது எது கேட்டாலும் கம்ப்யூட்டர்ப் பெட்டியைத்தான் கேட்க வேண்டும். பெட்டி நிதானமாகப் பதில் சொல்கிற ஜாதி. ஒவ்வொரு பெண்ணின் பெயரையும், அப்பன் அல்லது புருஷன் பெயரையும் எடுத்துக்கொண்டு, கடைகளிலிருந்து ஏற்றிய பதினோராயிரம் வரியையும் தலையிலிருந்து கால்வரை படிக்கும். அடுத்தவளுக்கு மறுபடி முதல் வரியிலிருந்து. இரண்டாயிரத்து நூறு தடவை. ஆறரை மணி நேரம் ஆகும். தென்காசியில் ஆறரை மணி நேரம் விடாமல் கரண்டு இருந்ததை யாரும் பார்த்ததில்லை. மே மாதம் மூன்று தடவை ஓட்டினாள். மூன்று தடவையும் நடுவில் போய்விட்டது. பட்டியல் போகவில்லை.

ஜூனில் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, பெயரை வைத்து இண்டெக்ஸ் போட்டாள். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே, அது மாதிரி. முழுதும் படிக்காமல் பெட்டி நேராக அந்த வரிக்குப் போகும். தேடும்போது கூடச் சேர்த்துப் பார்த்த அப்பன், புருஷன் பெயரையும் எடுத்துவிட்டாள். ஆறரை மணி நேரம் நாற்பது நிமிஷமானது. சந்தோஷத்தில் கீழே இறங்கிப் போய் ரெண்டு வடை தின்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன பட்டியல் நாலாம் நாள் திரும்பி வந்தது. பிச்சம்மாள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: 'ஒரே வருடத்தில் 1,930 நாள் வேலையா?'

செயலாளர் விஸ்வேஸ்வரன் அதைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். வயல்காட்டுக் குடும்பம், நல்ல மனுஷன்தான், பீடித் தட்டை மடியில் வைத்துப் பார்த்ததில்லை. "வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளுதாம்மா. உன் பெட்டிக்கு யாராவது சொல்லப்படாதா?" என்றார்.

பெட்டியைக் குற்றம் சொல்லி என்ன? உலகம்மன் கோயிலைச் சுற்றிப் பிறக்கிற பெண்பிள்ளைக்கு உலகம்மாள் என்று வைப்பார்கள். சங்கத்தில் நூற்று அறுபத்துநாலு உலகம்மாள். எட்டுப் பிச்சம்மாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிற ஊரில், பெயரை வைத்துத் தேடு என்று அவள்தான் பெட்டிக்குச் சொன்னாள். அத்தனை பிச்சம்மாள் உழைப்பையும் அது ஒருத்தி தலையில் கட்டிவிட்டது. புருஷன் பெயரைச் சேர்த்தாலும் விடியாது. பிச்சம்மாள் மூன்று கடை மாறியவள். ஒரு கடையில் அப்பன் பெயர், ஒரு கடையில் புருஷன் பெயர், அவன் செத்த பிறகு மகன் பெயர்.

"நாளைக்குக் குத்தாலத்துல ஒரு கூட்டம்க்கா. கம்ப்யூட்டர் ஆளுக வருதாவ. கேட்டுட்டு வாரேன்" என்றாள் முத்துவடிவு.

"குளிக்கப் போறவன்ட்ட போயி எங்கணக்க கேக்கப் போறியாக்கும்" என்றாள் பிச்சம்மாள். சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது.

அவள் சொன்னது பாதி சரி. நெல்லைக் கம்ப்யூட்டர் உபயோகிப்போர் வட்டம் மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு பாளையங்கோட்டையில் கூடும். ஜூலைக் கூட்டம் மட்டும் சீசனுக்காகக் குற்றாலத்தில். முத்துவடிவு போனபோது லாட்ஜ் மாடிக் கூடத்தில் இருபது ஆம்பிளைகள் இருந்தார்கள். பாதிப் பேர் தலையில் எண்ணெய், மீதிப் பேர் தலையில் தண்ணீர். கழுத்தில் துண்டு. ஒருவர் ஈரக் கையோடு பிரிண்ட் காகிதத்தை விரிக்க, பக்கத்திலிருந்தவர் கத்தினார்: "வே, எழுத்து ஒழுகுது வே! அருவிக்கு வந்தீரா, படிக்க வந்தீரா?"

முத்துவடிவைக் கண்டதும் சத்தம் அடங்கியது. யாரோ நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். கரும்பலகை ஓரத்தில் நின்ற ஒல்லியான மனிதர், "போஸ்ட் கார்டு எழுதின தங்கச்சிதானே? நான்தான் பரீது, செங்கோட்டை மர டிப்போ" என்றார்.

அவள் எழுந்து நின்று சொன்னாள்.  ஆயிரத்து தொள்ளாயிரத்து முப்பது நாள் என்ற இடத்தில் கூடம் முழுக்கச் சிரிப்பு. நூற்பாலை வல்லிநாயகம் தொடையைத் தட்டிக்கொண்டு, "அந்தம்மாவ எங்க மில்லுக்கு அனுப்புங்க, ஆறு ஷிப்ட்டுக்கு ஒரு ஆளு போதும்" என்றார்.

"அவுக ரெத்தமா துப்புதாவ அண்ணாச்சி" என்றாள் முத்துவடிவு. "நாளைக்கு ரெண்டு மணிக்குப் பட்டியல் போவலேன்னா அடுத்த மாசம். அடுத்த மாசம் வரைக்கும் இருப்பாவளான்னு தெரியல."

சிரிப்பு நின்றது. வல்லிநாயகம் துண்டை எடுத்து, ஈரமில்லாத முகத்தைத் துடைத்தார்.

பரீது சாக்பீஸை எடுத்தார். "தங்கச்சி, எங்க டிப்போவுல தேக்கு எங்கேன்னு கேட்டா டிப்போ முழுக்கத் தேக்குதான். பேர வச்சுத் தேடுனா என்னிக்குக் கிட்டும்? ஒவ்வொரு தடியிலயும் சுத்தியல் வச்சு நம்பர் அடிச்சிருக்கும். அந்த நம்பருக்குத்தான் நான் இண்டெக்ஸ் போட்டது. தேடுற சாமான் ஒண்ணே ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா வேகமாத் தப்புப் பண்ணும், அவ்வளவுதான்."

"கடைல நம்பர் உண்டு பாய். கடைக்குக் கடை வேற நம்பர். கடை மாறினா பழசு போச்சு."

"கடைக்காரன் எப்படிக் கண்டுபிடிக்கான்? புதுசா ஒருத்தி வந்து இலை கேட்டா, இவ இன்னாருன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

முத்துவடிவு வாயைத் திறந்தாள். அம்மாவோடு கடைவாசலில் நின்ற ஒரு காலை ஞாபகத்துக்கு வந்தது. புதுக்கடைக் கணக்கப்பிள்ளை அம்மா முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதல் கேள்வியே, 'எந்தக் கட? என்ன நம்பரு? எவ்வளவு பாக்கி?'

"பாக்கிய வச்சு" என்றாள்.

"என்ன பாக்கி?"

"இலை பாக்கி. நிறுத்துத்தான் இலை தருவான். சொத்தையும் பொத்தலுமா இருக்கும், பீடி கொறையும். கொறஞ்சது எங்க தலையில. அதக் கழிக்காம எவளும் கட மாற முடியாது. மாறினா புதுக் கடக்காரன் அந்தப் பாக்கிய ஏத்துக்கிட்டு, பழைய கடையையும் பழைய நம்பரையும் அவன் நோட்டுல எழுதிக்கிடுவான். மனுஷிய விட்டாலும் அத விடமாட்டான்."

"அத நீங்க ஏத்தினீங்களா?"

"குறிப்புன்னு ஒரு பத்தி. கட, நம்பர், பாக்கி. எல்லாத்தையும் அதே வரிசையில ஏத்திருக்கேன். எதுக்குன்னு தெரியாமத்தான் ஏத்தினேன்."

 கூடத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கடையையும் நம்பரையும் ஒட்டி தேடுகிற ஒரே சாவியாக்கி அதுக்கு இண்டெக்ஸ் போடு என்றார் ஒருவர். குறிப்பிலிருந்து பழைய நம்பரைப் பிரித்துத் தனிப் பத்தியாக்கு என்றார் இன்னொருவர். இப்போதைய கடையில் தொடங்கி, பழைய நம்பரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போ. பழைய நம்பர் இல்லாத வரி வந்தால் நிறுத்து. வல்லிநாயகம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பலகையில் இருந்த பிழையை மூன்று தடவை அவர்தான் பிடித்தார். கடைசியில் பரீது மொத்தத்தையும் ஒரு மர ரசீதின் முதுகில் எழுதிக் கொடுத்தார். முப்பத்தெட்டு வரி.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கே முத்துவடிவு பெட்டியைப் போட்டுவிட்டாள். விரலைச் சொடக்க நேரமில்லை, நடுவிரலால் தட்டினாள். முப்பத்தெட்டு வரி ஏறி, பழைய நம்பர்களைப் பிரித்து முடிக்கப் பத்து மணி. இண்டெக்ஸ் கட்டத் தொடங்கிப் பாதியில் நிற்கும்போது கரண்டு போனது.

பிச்சம்மாள் மஞ்சள் பையோடு வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். பையில் ஒரு சேலை, ஒரு தட்டு, தம்ளர். பெயர் வந்தால் பட்டியலோடு அதே பஸ்ஸில் ஏற வேண்டும். ஏறாதவள் கட்டில் அடுத்தவளுக்கு.

"போயிட்டா?"

"போயிட்டுக்கா."

"குத்தாலத்துல அத்தன லாட்ஜுலயும் வெந்நீர் போடுதானுவ. அருவிக்கு வந்த பயலுக்கு என்னத்துக்கு வெந்நீரு?" என்றாள் பிச்சம்மாள். விஸ்வேஸ்வரன் மாடிக்கும் தெருவுக்கும் மூன்று தடவை நடந்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு மின்வாரிய ஆபீசுக்கே போனார். அவர் போய்க் கேட்டதால் வந்ததோ, தானாக வந்ததோ, பன்னிரண்டரைக்குக் கரண்டு வந்தது.

இண்டெக்ஸ் மறுபடி முதலிலிருந்து. இருபத்தைந்து நிமிஷம். பிறகு கேள்வி. பெட்டியின் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி எரிவதை முத்துவடிவு பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினொரு நிமிஷம். முடிந்துவிட்டது.

நின்றுவிட்டதோ என்று முதலில் பயந்தாள். பிறகு நாலைந்து பேரைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தாள். எவளுக்கும் வருஷத்தில் முந்நூறு நாளுக்கு மேல் இல்லை. பிச்சம்மாளை எடுத்தாள். இப்போதைய கடை நாலு, நம்பர் அறுபத்துமூன்று. அங்கிருந்து கடை ஒன்பது. அங்கிருந்து அவள் முதன்முதலில் சுற்றிய கடை ஏழு. மூன்று அடியும் சேர்த்து ஐந்து வருஷம் எட்டு மாதம்.

எல்லாருக்கும் அப்படி வரவில்லை. உலகம்மாள் ஒருத்தி, வீரகேரளம்புதூர்க்காரி. பதினாலு வருஷம் சுற்றியவள் என்று முத்துவடிவுக்கே தெரியும். பெட்டி அவளுக்கு ஒன்றரை வருஷம் என்றது. கடை மாறும் முன்னால் கம்மலை அடகு வைத்துப் பாக்கியைத் தீர்த்தவள் அவள். பாக்கி இல்லாததால் பழைய நம்பர் எழுதப்படவில்லை. அப்படி முப்பத்தெட்டு பேர். அவர்கள் பெயர்களை முத்துவடிவு தனித் தாளில் கையால் எழுதினாள். அடுத்த மாதத்துக்குள் பதினாலு கடையும் ஏறி இறங்கித்தான் அவர்களைப் பிடிக்க வேண்டும். பெட்டியால் ஆகாது.

பட்டியல் அச்சாகி வந்தது. விஸ்வேஸ்வரன் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "இந்தக் கடைசிப் பத்தி எதுக்கும்மா? நோயாளி பட்டியல்ல இலை பாக்கி என்னத்துக்கு?"

"அத எடுத்தா, இந்த மூணு கடையில சுத்துனவளும் ஒரே ஆளுதான்னு எப்படிச் சொல்லுதேன்னு கேப்பாவ சார். திரும்பச் சிவப்பு மை வரும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முத்திரையைக் குத்தினார்.

பஸ் புறப்பட ஆறு நிமிஷம் இருந்தது. முத்துவடிவு பிச்சம்மாளைக் கைத்தாங்கலாக ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தாள். உறையை அவள் மடியில் வைத்து, "டாக்டர் கையிலதான் குடுக்கணும், வேற யார்ட்டயும் குடுத்துராதீக" என்றாள்.

பிச்சம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. உறைக்குள்ளிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "எம் பேரு எங்கன இருக்கு, காட்டு."

முத்துவடிவு மடங்காத விரலால் தொட்டுக் காட்டினாள். அந்த இடத்தையே பிச்சம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்னு எப்படிட்டி கண்டுபிடிச்ச? எத்தன பிச்சம்மா இருக்கா."

"உங்க பாக்கிய வச்சுத்தான்க்கா."

"அது இன்னும் இருக்கா?" பிச்சம்மாள் முகத்தில் வெட்கம் வந்தது. "சொத்த இல. மழைல நனஞ்ச இல. நான் அன்னிக்கே சொன்னேன், கேக்கல அந்த மூதி. சரி, வந்து சுத்திக் கழிச்சிருதேன்னு சொல்லு. எவ்வளவு போட்டிருக்கான், வாசி."

கண்டக்டர் விசில் கொடுத்தான். முத்துவடிவு கீழே இறங்கி, நகர்கிற பஸ்ஸோடு நாலு எட்டு நடந்துகொண்டே, ஜன்னலில் விரித்துப் பிடித்திருந்த தாளைப் பார்த்து உரக்க வாசித்தாள்:

"பிச்சம்மாள். கடை ஏழு. நம்பர் நூற்றுப் பன்னிரண்டு. இலை பாக்கி முக்கால் கிலோ."