நிற்கத் தெரியாத கேள்வி

மாமியார் மூத்த மகன் வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு கட்டிவிட்டார். சண்டை எதுவும் இல்லை. சண்டை போடக்கூட இந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை என்பதுதான் குறை. இளைய மகன் விடியுமுன் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். மருமகள் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கு ஓடுவாள். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை.

மருமகளுக்கு இது உறைத்தது. அத்தை இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நேரில் சொல்லலாம்தான், வாயைத் திறந்தால் அழுகைதான் வரும், அப்படியொரு ஜென்மம். ஆகவே, புதிதாகச் சேர்ந்திருந்த கம்ப்யூட்டர் வகுப்பில் கற்றதை வைத்து ஒரு புரோகிராம் எழுதி, லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அது, "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்கும். "இல்லை" என்று அடித்தால், "சாப்பாடு அடுப்பு மேல இருக்கு" என்று சொல்லி மறுபடி கேட்கும். "சாப்பிட்டேன்" என்றால் நிறுத்திக்கொள்ளும். திரும்பக் கேட்க 'கன்டினியூ', நிறுத்த 'பிரேக்'. இரண்டே வார்த்தை.

அந்த இரண்டையும் மகராசி இடம் மாற்றி எழுதியிருந்தாள்.

மதியம் டாக்டர் ஒரு நோயாளியின் வாயைக் குடைந்துகொண்டிருந்தபோது அவளுக்குச் சுரீரென்றது. இனி அத்தை "சாப்பிட்டேன்" என்று எத்தனை தரம் அடித்தாலும் அது விடாது. ஒரு "இல்லை" விழுந்தால்தான் வாயை மூடும். மதிய பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் கிண்டல் செய்கிறாள் என்றல்லவா நினைப்பார்? டாக்டரிடம் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

வாசலில் கட்டி வைத்த பை இருந்தது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தார். டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், விரல்கள் பறந்தன.

"அத்தை, பஸ்?"

"போயிடுச்சு. இவ்வளவு அக்கறையா கேக்கும்போது பாதியில எழுந்து போறதா?"

"அது மிஷின் அத்தை. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"மிஷின்னு எனக்குத் தெரியாதா? கேக்கச் சொன்னது நீதானே."

"'இல்லை'ன்னு அடிச்சிருந்தா நின்னிருக்குமே!"

"வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு எப்படிடி இல்லைன்னு சொல்றது?"

திரை நிறைய அத்தையின் பதில்கள். சாப்பிட்டேன். சாப்பிட்டேன்மா. நல்லாவே சாப்பிட்டேன். கீழே வர வர அவரே கேட்க ஆரம்பித்திருந்தார். நீ சாப்பிட்டியா? காலையில வெறும் வயித்தோட ஓடினியே, மதியமாவது சாப்பிட்டியா? பதிலே சொல்லாமல் மிஷின் தன் கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தது.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து, "இல்லை" என்று அடித்தாள். "சாப்பாடு அடுப்பு மேல இருக்கு" என்று சொல்லிவிட்டு மிஷின் ஓய்ந்தது.

"அடுப்பு மேல இருந்ததெல்லாம் என் வயித்துல இருக்கு" என்று அத்தை எழுந்தார். வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கி வந்து பிரித்தார். வழிக்கென்று கட்டியிருந்த டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"உக்காரு. நீ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இனிமே நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."