யாழினி சொல்ல வந்தது

நிச்சயதார்த்தம் முடிந்ததிலிருந்தே கலையரசனிடம் தனியாகப் பேச யாழினி வழி தேடிக்கொண்டிருந்தாள். பள்ளி நாளிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை போடுவதால் இப்போது வருவதில்லை. ஆனால் தூக்கம் கெட்டால் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணத்திலோ முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன், விடிவதற்குள் முகூர்த்தம்.

"தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று அம்மா அழகம்மாள் அவள் வாயை அடைத்தாள். போனில் சொல்லலாமென்றால், திருவெறும்பூரில் ஷிப்ட் முடித்து வரும் கலையரசன் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவான். தென்னூருக்குப் புடவை எடுக்கப் போனபோது இரு வீட்டாரும் வேன் நிறைய வந்தார்கள். திருவானைக்காவல் கோயிலில் அவனுடைய அக்கா பானு இவள் கையை விடவே இல்லை.

கடைசியில் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்து மணலில் கல்யாணத்துக்கு முந்தைய ஜோடி போட்டோ எடுக்கப் போனார்கள். பானு குடை பிடித்தபடி தள்ளி நின்றாள். போட்டோகிராபர் பிராங்க்ளின் விரட்டிக்கொண்டே இருந்தார். "மேடம், சாரைப் பாருங்க. பேசற மாதிரி உதட்டை அசைங்க."

யாழினிக்கு எரிச்சல் தலைக்கேறியது. நிஜமாகவே பேசினாள்.

"எனக்கு வலிப்பு வரும். தினம் மாத்திரை சாப்பிடறேன்."

"தெரியும்" என்றான் கலையரசன் மெதுவாக. "நிச்சயத்துக்கு முன்னாடியே உங்க மாமா எங்க அப்பாகிட்ட சொல்லிட்டாரு. நீ சங்கடப்படுவே, உன்கிட்ட கேக்க வேண்டாம்னு எங்க வீட்டுல சொன்னாங்க."

அவளுக்கு நிம்மதி வரவில்லை. கோபம்தான் வந்தது. "என் உடம்பைப் பத்தி ஊரே பேசிருக்கு, என்கிட்ட மட்டும் யாரும் பேசலை. இத்தனை நாளா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

"தப்புதான்."

"சரி, எனக்கு வந்தா என்ன செய்வீங்க?"

"கையில இரும்புச் சாவி குடுக்கணும்னு..."

"கூடாது. வாயிலயும் எதையும் வைக்கக் கூடாது. ஒருபக்கமாத் திருப்பிப் படுக்க வைக்கணும். அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

"எப்படித் திருப்பணும்? காட்டு."

பட்டுப் புடவையோடு மணலில் மல்லாந்து படுத்தாள் யாழினி. அவன் மண்டியிட்டு அவள் தோளைப் பிடித்துப் புரட்டினான். அவள் கை அடியில் மாட்டிக்கொண்டது.

"கை நசுங்குது. மறுபடி."

இரண்டாவது தடவை சரியாக வந்தது. பிராங்க்ளின் கேமராவை இறக்கிவிட்டார். பானு ஓடி வந்தாள். "என்னப்பா இது, புடவையெல்லாம் மண்ணு."

"அக்கா, ரிசப்ஷனைக் கல்யாணத்தன்னிக்கு சாயங்காலம் வெச்சுக்கலாம். முதல் நாள் ராத்திரி யாழினி தூங்கணும்."

"பத்திரிகை அடிச்சாச்சேடா. அப்பா என்ன சொல்வாரு?"

"திட்டுவாரு. நான் பேசிக்கறேன்."

யாழினி எழுந்து புடவையை உதறினாள். கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. "எங்க அம்மாகிட்ட நான் பேசறேன்" என்றாள். "ஆனா நீங்க பக்கத்துல இருக்கணும்."

"இன்னிக்கே போலாம்" என்று அவன் பைக் சாவியை எடுத்தான்.