ஓலைக்கு வந்த தடை

சேலத்தில் அந்தப் பங்குக் கோயிலில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் ஓலையை டைப் அடிப்பது கோயில் அலுவலகத்தில் இருக்கும் நான்சிதான். மூன்று ஞாயிறு பூசையில் அந்த ஓலையிலுள்ள மணமக்கள் பெயரை வாசிப்பார்கள்; தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம். எத்தனையோ ஜோடிகளை விசைப்பலகையிலேயே சேர்த்துவைத்த நான்சியின் பெயர் மட்டும் முப்பத்துமூன்று வயதாகியும் ஓலை ஏறவில்லை.

இந்த முறை அவள் அடித்த பெயர் ரூபன். தை மாதம் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவன். ரிக் வண்டியோடு வருடத்தில் எட்டு மாதம் வடக்கே போர்வெல் போடுகிறவன். காபி கொடுத்த கையை அவன் பார்த்த பார்வையிலேயே நான்சி பாதிக் குடித்தனம் நடத்தி முடித்துவிட்டாள். அவன் அம்மா ஆரோக்கியம்தான், வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிறவள் மாதிரி பார்த்துவிட்டு, "பொண்ணு தங்கந்தானுங்க. வயசுதான் முப்பதுக்கு மேல மூணு கூடிப்போச்சு" என்று எழுந்துகொண்டாள். இப்போது இருபத்துநாலு வயது ஆன்சி கிடைத்துவிட்டாள்.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள், அலுவலகக் கணினியில் கடிதம் அடிக்கும் செயலிக்குள் புதிதாக ஒரு பொத்தான் முளைத்திருந்தது: 'எழுத உதவட்டுமா?' நான்சி விளையாட்டாக, 'கல்யாணத்துக்குத் தடை சொல்லி ஒரு பெரியவர் சாமியாருக்கு எழுதும் கடிதம்' என்று கேட்டாள்.

நாலு நொடியில் கடிதம் வந்து நின்றது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மனைவி உண்டு என்று காரணத்தையும் அதுவே போட்டிருந்தது. கேட்காமலே இவ்வளவு கொசுறு போடுகிற கடையை அவள் கண்டதில்லை. 'இன்னும் உருக்கமாக' என்பதை அழுத்தினாள். மனைவிக்கு ஒரு கைக்குழந்தை பிறந்தது. 'இன்னும் பணிவாக' என்றாள். 'என் ஆன்மா உறங்க மறுக்கிறது, தந்தையே' என்றது. ஊர்ப் பெயருக்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. சன்னலுக்கு எதிரே கறிக்கடைப் பலகையில் 'மேச்சேரி ஆடு' என்றிருந்தது. மேச்சேரி என்று நிரப்பி, ரூபன் பெயரையும் சேர்த்தாள்.

அழிக்கத்தான் போனாள். படித்துப் பார்த்தால் அழிக்க மனசு வரவில்லை. அச்செடுத்து, கையெழுத்தில்லாமலே உறையில் போட்டு, மற்றத் தபால்களோடு சாமியாரின் மேசையில் தன் கையாலேயே வைத்தாள்.

சாமியார் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்.

"மேச்சேரிக்கு நான் போனதே இல்லீங்க பாதர்!" என்று ரூபன் பைபிளைத் தொட்டான்.

"வடக்கயிருந்து வாறவன் வழியில எங்க எறங்கறான்னு யாரு கண்டா?" என்றார் ஆன்சியின் அப்பா மார்ட்டின். "கைக்கொழந்தையக்கூடவா ஒருத்தன் சும்மா எழுதுவான்?"

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. பதினைந்து நாளில் ஊரார் அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்துப் பல்லும் முளைக்க வைத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம், தட்டில் பழத்தோடு ஆரோக்கியம் நான்சி வீட்டுப் படி ஏறினாள். பின்னால் ரூபன், பாதியாக இளைத்து. நான்சி காபித் தட்டோடு வந்தாள்.

"பழச மனசுல வெக்காதீங்கண்ணா. நகைநட்டு ஒண்ணும் வேண்டாங்க, பொண்ண மட்டும் குடுங்க" என்றாள் ஆரோக்கியம்.

நான்சியின் அப்பா தோமினிக் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர். உரசிப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார். "அந்தக் கடுதாசியச் சாமியாரு எனக்கும் காட்டுனாருங்கம்மா. பெத்த வயிறு எரிஞ்சு எழுதுனது."

"யாரோ பொறாமையில எழுதுனதுங்க."

"பொறாமைக்காரனுக்கு இத்தன பக்தி வராதுங்க. அங்க ஒருத்தி கொழந்தையோட நிக்கறப்ப எம் பொண்ணத் தள்ளிவுட முடியுங்களா?"

"அது பொய்யா இருந்தா, அப்பா?" நான்சி கேட்டாள்.

"எழுதுனவனக் கொண்டாந்து நிறுத்து கண்ணு. இந்த ஞாயித்துக்கெழமையே நிச்சயம் பண்ணிடறேன்."

ரூபன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தனக்காக ஒருத்தி வாய் திறக்கிறாள் என்கிற நம்பிக்கை அந்த முகத்தில் அப்பட்டமாக இருந்தது.

"எனக்கெப்படிப்பா தெரியும்?" என்றாள் நான்சி.

ஆரோக்கியம் பழத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். படியிறங்கப் போன ரூபன் நின்று திரும்பினான்.

"இந்த ஊர்ல நீங்க ஒருத்தராச்சும் கேட்டீங்களே, ரொம்ப நன்றிங்க" என்றான்.