இரண்டு டெல்டாவில் சிறியது

கல்லுடைக்கும் கிரஷரின் தாடையில் சிக்கிய கல்லை மிதித்துத் தள்ள அப்பா காலை உள்ளே விட்டிருந்தபோது அண்ணன் சுவிட்சைப் போட்டுவிட்டான். பூட்ஸும் குதிகால் தோலும் போயின, கால் தப்பியது. தெரியாமல் போட்டேன் என்றான் அண்ணன். கொல்லப் பார்த்தான் என்றார் அப்பா. வீட்டுக்கு ஓடிய மகனைத் துரத்தி, சம்மட்டியோடு நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார்.

அங்கே தங்கை பரீட்சைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கணிதப் பட்டப்படிப்பில் மெய்ப்பகுப்பாய்வுத் தாள். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டது. இந்தத் தடவையும் போனால் பட்டம் கிடையாது, கிரஷரில் ஜல்லி அள்ள வேண்டியதுதான்.

"பெத்தவனையே அரைச்சு ஜல்லியாக்கப் பாக்குறியாடா?"

"ஆக்கியிருந்தா நல்ல ரோடாவது கெடைச்சிருக்கும்," என்றான் அண்ணன். வாய்க்கொழுப்பு அவனுக்குப் பிறவியிலேயே உண்டு.

அந்த வீட்டில் குறுக்கே விழுவது அவள் வேலை. அம்மா போன நாளிலிருந்து அப்படித்தான். அப்பாவின் பொறுமை பாதிக்குக் கீழே இறங்குவதற்குள் அண்ணனை எங்காவது விரட்டிவிடுவாள். அன்று பிந்திவிட்டது. அண்ணனைத் தள்ளிவிட்டுச் சுவரில் வலது கையை ஊன்றினாள். அவன் தலைக்கு வந்த இரும்பு அந்தக் கையில் இறங்கியது. இரண்டு விரல் நசுங்கி, ஒரு நகம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அண்ணன் அப்பாவின் வாயில் விட்ட குத்தில் பல் தெறித்தது. அவர் சரிந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் பாப்பா," என்றான் அண்ணன்.

"காலேஜுக்கு விடு," என்றாள், கையில் துண்டைச் சுற்றிக்கொண்டே.

தேர்வு மேற்பார்வையாளர் துண்டில் ஊறிய ரத்தத்தைப் பார்த்து முகம் வெளுத்தார். "சொல்லச் சொல்ல எழுத ஆள் வெச்சுக்கலாம்மா. ஆனா கணக்கு தெரிஞ்ச ஆளா இருக்கக் கூடாது."

"எங்கண்ணன் எட்டாவதுல மூணு தடவை கணக்குல ஃபெயில் சார்."

"இப்பவாவது அதுக்கு ஒரு மரியாதை கெடைச்சுதே," என்றபடி அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டான்.

வாசல் கேட்டைப் பார்த்த ஒரு சின்ன அறையில் இருவரையும் உட்கார வைத்தார்கள். பெரிய கேள்வி அதேதான்: இரண்டு தொடர்ச்சியான சார்புகளின் ஈவும் தொடர்ச்சியானது என்று நிறுவுக, சி என்ற புள்ளியில் பகுதி, அதாவது கீழே நிற்கும் ஜி, சைபர் அல்ல. ஒன்றின் கீழ் ஜி-க்குக் காட்டினால் போதும், மீதி பெருக்கல் தேற்றம். அதை முதலிலேயே எழுத வைத்துவிட்டாள்.

"எப்சிலான் போடு. திருப்பிப் போட்ட மூணு. அடுத்து டெல்டா."

"எது, இந்த வால் மொளைச்ச சைபரா?"

"அதேதான். முதல் டெல்டா. அதுக்குள்ள ஜி-யோட அளவு, சி-ல இருக்கறதுல பாதிக்கு மேலயே நிக்கும்."

போன இரண்டு தடவையும் அவள் விழுந்த இடம் இது. சி-யில் பகுதி சைபர் இல்லை, சரி. பக்கத்தில்? அதைக் காட்டாமலே வகுத்திருந்தாள்.

"பாதிக்குக் கீழ போனா என்னவாம்?"

"சைபர் கிட்ட போகப் போக விடை எங்கயோ எகிறிடும். நம்ம அப்பா மாதிரி. எழுது."

அவன் சிரித்துக்கொண்டே எழுதினான். வலி தோள்வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் டெல்டாவைச் சொன்னாள்: அதற்குள் இரு மதிப்புகளின் வித்தியாசம், எப்சிலானை ஜி ஆஃப் சி-யின் வர்க்கத்தால் பெருக்கியதில் பாதிக்கும் குறைவு.

"எங்கடா அவன்!"

கேட்டில் அப்பா. வாயெல்லாம் ரத்தம், கையில் சம்மட்டி. காவலாளியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார்.

அண்ணன் எழுந்தான். அவள் இடது கையால் அவன் சட்டையைப் பிடித்தாள். "உக்காருண்ணே. ஒரே வரிதான்."

"அந்தாளு உள்ள வந்தா உன் இன்னொரு கையும் போயிடும்."

சட்டை கிழிந்தது. அவன் போய்விட்டான்.

இரும்பு தரையில் மோதும் சத்தம். பிறகு இரும்பு, தரையல்லாத எதிலோ மோதும் சத்தம். "ஐயோ, உன் அண்ணனை அடிக்கிறாரும்மா!" என்று மேற்பார்வையாளர் கத்தினார். அவள் பாதி எழுந்தாள். தாளில் இரண்டு டெல்டாவும் ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனியே நின்றன. இப்படியே விட்டால் நிரூபணம் இல்லை.

உட்கார்ந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாகக் குறுக்கே போகவில்லை. இடது கையில் பேனாவைப் பிடித்து, புழு ஊர்ந்த மாதிரி எழுதினாள்: டெல்டா என்பது இரண்டில் சிறியது. எனவே தொடர்ச்சியானது. நிரூபணத்தின் முடிவில் போடும் சின்னக் கட்டத்தையும் போட்டுவிட்டு ஓடினாள்.

கேட்டருகே நாலு பேர் அப்பாவை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். அண்ணன் மண்ணில் கிடந்தான். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது; பேச முடியவில்லை. அவளைப் பார்த்ததும் விரலைத் தூக்கிக் காற்றில் வால் முளைத்த சைபர் ஒன்றைப் போட்டுக் கண்ணாலேயே கேட்டான்.

எழுதிவிட்டேன் என்று தலையாட்டினாள். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.