தக்ஷாயினி போட்ட மெட்டு

உலக்கை கிடைக்கவில்லை. ஹோட்டலில் இரவல் வாங்கிய, இஞ்சி தட்டுகிற சின்ன உரலை மயானத்து மண்டபத்தில் மாமா வல்லிபுரத்தின் உடலுக்குக் கால்மாட்டில் வைத்து, ரஜிதன் மஞ்சள் துண்டுகளை அதற்குள் போட்டான்.

"பாடுறது ஆர், மாமி?"

பத்மாசனி கணவனின் முகத்தைப் பார்த்தாள். துபாயில் யாழ்ப்பாணத்தார் யார் செத்தாலும், பிணத்தின் முன்னால் மஞ்சளைச் சுண்ணமாக இடிக்கும்போது அதற்குரிய பாட்டைப் பாடுகிற பெரியவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். பாட்டில்லாமல் கணவனை அனுப்ப அவளுக்கு மனமில்லை. வரிகள் அவளுக்கு மனப்பாடம், குரல்தான் இல்லை.

குரல் உள்ளவள் பக்கத்தில் நின்றாள். மகள் தக்ஷாயினி பத்து வயதில் லண்டனுக்கு, பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கப் போனவள். அங்கே ஆங்கிலத்தில் தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடகியானாள். முதல் சீடி வந்தபோது அங்கத்தைய ரேடியோவெல்லாம் அவள் குரல். இரண்டாவது விலைபோகவில்லை, கம்பெனி கைகழுவிவிட்டது. அதற்குப் பிறகு அவள் கிட்டாரைத் தொடவில்லை, புதிதாக மெட்டுப் போடவுமில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த வல்லிபுரம் கண் விழிக்கும்போதெல்லாம் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை பாடுறாளோ?"

"நீ பாடு, பிள்ளை," என்றாள் பத்மாசனி.

"ஐ கான்ட், அம்மா. எனக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாது. அந்த மெட்டும் தெரியாது."

"வாசிக்க வேண்டாம். நான் காதுக்குள்ளை சொல்லுறன். மெட்டை நீயே போடு. இவ்வளவு காலமும் வேறை ஆரோ போட்டுத் தந்தவையோ?"

ரஜிதன் இடிக்கத் தொடங்கினான். முதல் வரியிலேயே அவள் குரல் உடைந்தது. இரண்டாவதிலும் உடைந்தது. நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"மச்சான், நீங்கள் ஓடுறியள். ஒரே மாதிரி இடியுங்கோ."

"செத்த வீட்டிலையும் எனக்குத் தாளம் பழக்குறாள், பாத்தியளே மாமி!"

யாரோ மூக்கைத் துடைத்தபடி சிரித்தார்கள். உரல் நிதானத்துக்கு வந்தது. தாய் சொன்ன வரியை மகள் வாங்கி, யாரும் நீட்டாத இடத்தில் நீட்டினாள். கடைசிச் சொல்லுக்கு முன்னால் மூச்சுவிட்டுக் காத்திருந்தாள்.

"இதென்ன மெட்டு? இப்பிடியோ பாடுறது?" என்றார் பின்னால் ஒரு முதியவர்.

"அவளின்ரை மெட்டு," என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, பத்மாசனி அடுத்த வரிக்குப் போனாள்.

பாட்டு முடிந்தது. ஆனால் தக்ஷாயினி முடிக்கவில்லை. சீடியில் செய்கிற பழக்கத்தில் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் ரஜிதனும் இடித்துக்கொண்டேயிருந்தான். மஞ்சள் மாவாகி அவன் கண்ணிமையெல்லாம் படிந்தது. யாரும் தடுக்கவில்லை.

நெருப்பு வைக்குமுன் பெண்கள் புறப்பட்டார்கள். பர் துபாய் வீட்டுக்கு வந்து முழுகிவிட்டு, வீடு கழுவுவதற்காகப் பத்மாசனி வாளியைக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்தாள். அறைக்குள் மகள் எதையோ முணுமுணுத்தாள். சொல் இல்லை. மயானத்தில் பாடிய மெட்டும் இல்லை. பாதியில் நின்றது, கொஞ்சம் மாறி, மறுபடி தொடங்கியது.

பத்மாசனி சத்தம் வராமல் குழாயை மெல்ல மெல்ல மூடினாள். வாளியின் அடி மட்டும்தான் நனைந்திருந்தது.